கோமு கழுத்தில் இருப்பது நிழலா?

1

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலஞ்சியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். மறதி வேறு. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க எழுந்து போய், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவேன். தப்பு இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கழுத்தைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தை மட்டும் அழகுபடுத்த வேண்டாம். அது எப்படி இருக்கிறதோ அப்படியே அச்சில் வரவேண்டும்.

நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்கிற ஊரில். மகன் சங்கர் என்னை இங்கே கூட்டி வந்து இந்த ஆனியோடு ஆறு வருஷம் ஆகிறது. நம் பக்கம் சாரல் விழ ஆரம்பிக்கிற ஆனியில் இங்கே கடுங்குளிர். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவையே விழுங்கியிருக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள். பேத்தி நிலா பள்ளிக்கூடம் போவாள். நான் துணியைக் கார் நிறுத்துகிற அறையில் காயப்போட்டுவிட்டு, வாசல் கதவைப் பூட்டியிருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். சந்தேகம் என் கூடப்பிறந்தது. "உப்புப் போட்டாச்சான்னு உப்புகிட்டயே கேப்பா" என்று அம்மா என்னைச் சொல்வாள்.

கூடப்பிறந்தவள் என்றால் இன்னொருத்தி இருக்கிறாள். தங்கை கோமதி. கோமு என்போம். இலஞ்சியில் முருகன் கோவிலுக்குப் பின்னால் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் காலமாகி வெகுநாள் ஆயிற்று. பிள்ளை இல்லை. நான் இங்கே மத்தியானச் சாப்பாட்டை முடிக்கும்போது அவள் அங்கே காலைக் காப்பி போட்டுக்கொண்டிருப்பாள். அப்போது தினமும் பேசுவோம். முகம் பார்த்துப் பேசுகிற போன்தான். ஆனால் அவள் பிடிக்கிற பிடியில் எனக்கு அவள் நெற்றியும், மேலே சுற்றுகிற விசிறியும்தான் தெரியும். ஆறு வருஷமாக நான் பார்ப்பது அதைத்தான்.

2

பங்குனி மாதம் ஒருநாள் கோமுவின் பக்கத்து வீட்டுக்காரி ஈஸ்வரி எனக்குப் போன் போட்டாள்.

"மயினி, ஒங்க தங்கச்சி ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்த?"

"சொல்லலையா? அப்பம் நானும் சொல்லல. வைக்கட்டுமா?"

"சொல்லிட்டு வைட்டி."

"குத்தாலத்துல ஐந்தருவி போற ரோட்டுல, பழைய லாட்ஜ் மாடில படம் வரையுதவங்க சங்கம் ஒண்ணு இருக்கு. அங்கன போயி உக்காந்துட்டு வாரா. ஆம்பளையும் பொம்பளையுமா சுத்தி நின்னுக்கிட்டு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்காவ மயினி. கையில பிரஷ்ஷ நீட்டிக்கிட்டு, ஒத்தக் கண்ணால. எனக்கே கூசிட்டு."

"நீ எதுக்கு அங்கன போன?"

"தொணைக்குத்தான்."

"தொணைக்குப் போயி என்ன செஞ்ச?"

"காப்பி குடுத்தாக. குடிச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைக்கப் போனேன். அவள் விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு மயினி. இவ கழுத்துல துண்டச் சுத்தியிருந்தாள்லா, அத எடுக்கச் சொன்னாவ."

அன்றைக்கு நான் சாப்பிட்ட தட்டைக் கழுவவில்லை. கண்ணடிக்கிற கூட்டத்துக்கு நடுவே என் தங்கை கழுத்தைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நான் என்ன நினைப்பேன்? வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறார்களோ? கேட்க ஆள் இல்லாதவள் என்று தெரிந்துகொண்டார்களோ? உடனே கோமுவைக் கூப்பிட்டேன். நெற்றியும் விசிறியும் வந்தன.

"ஏட்டி, எங்க போற வார?"

"எங்கயும் போகலயே."

"ஐந்தருவி ரோட்டுக்கு?"

"அந்த ஈஸ்வரி வாயில இடி விழ."

"ஊர்ல என்ன பேசுவாவ?"

"இந்த வயசுல என்னப் பத்தி நாலு பேரு பேசுனா எனக்குப் பெருமைதான யக்கா."

"வெக்கமா இல்ல ஒனக்கு?"

விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: "யக்கா, அவுக என்னைய ஒரு மணி நேரமாப் பாக்காக. காது எங்கன முடியுது, கன்னம் எங்கன ஒட்டியிருக்குன்னு. நம்ம வீட்டுல என்னைய யாரு அப்பிடிப் பாத்தா? அவரு இருந்த வரைக்கும் சோத்துத் தட்டத்தான் பாத்தாரு. நீ?"

நான் பேச்சை மாற்றினேன். சித்திரை பிறக்கப்போகிற வெயிலில் எதற்குக் கழுத்தில் துண்டு என்று கேட்கத் தோன்றியது. "தொண்டக் கட்டு" என்றாள். வெயிலில் என்ன தொண்டைக்கட்டு என்று மனதில் ஓடியது. ஆனால் அப்போது என் சந்தேகமெல்லாம் அந்தப் படக்காரர்கள் மேல்தான் இருந்தது. தப்பான வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

3

எங்களுக்குப் படம் என்றால் என்ன தெரியும்? வீட்டில் இருந்தது அப்பா படம் ஒன்றுதான். அப்பா செத்துக் கிடந்தபோதுதான் அவருக்கு முதல் போட்டோ எடுத்தார்கள். அதைத் தென்காசியில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம். அவர் மூடின கண்ணைத் திறந்த கண்ணாக வரைந்தார். சட்டையே போடாத மனுஷனுக்குக் கோட்டு மாட்டிவிட்டார். கையில் கடிகாரம். தாடைக் குழியை நிரப்பி, மீசையைக் கறுப்பாக்கி, கன்னத்தில் ரோஸ் தடவித் தந்தார். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டு ஆம்பளை?" என்றாள். துக்க வீடென்றும் பாராமல் கோமு சிரித்துவிட்டாள். அம்மாவும் சேர்ந்து சிரித்து, பிறகு அழுதாள். என்றாலும் அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். எனக்கு ஒன்று பதிந்துவிட்டது. படம் என்றால் கூட்டித்தான் போடுவார்கள். இல்லாததைச் சேர்ப்பார்கள், குறையை மறைப்பார்கள். அப்படிச் செய்யாத படக்காரன் உண்டு என்று எனக்குத் தெரியாது.

4

நிலாவிடம் சொல்லி அந்தச் சங்கத்தைப் போனில் தேடினேன். அவளுக்கு நான் பேசுவது புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். நான் தமிழில் திட்டுவேன், அவள் இங்கிலீஷில் கொஞ்சுவாள். இப்படியே ஓடுகிறது. மெய்யுரு ஓவியர் சங்கம் என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். படங்கள் இருந்தன. வாழை இலை விற்கிறவர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், தூங்கிவழிகிற ஆட்டோக்காரர். எல்லாரும் எழுந்து வந்து பேசிவிடுவார்கள் போல இருந்தார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இத்தனை உன்னிப்பாகப் பார்க்கிறவன் எதைத்தான் பார்க்கமாட்டான்?

அதில் இருந்த நம்பருக்குப் போட்டேன். முருகையா என்று ஒருத்தர் எடுத்தார். கோமுவை வரைகிறவரே அவர்தானாம். முன்பின் தெரியாத ஆணிடம் பேசினால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். இருந்தும் பேசினேன்.

"ஏன்யா, ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்கியளாமே?"

"அளவு எடுக்கோம் ஆச்சி. பிரஷ்ஷ நீட்டி, மூக்கு இவ்வளவு, நெத்தி இவ்வளவுன்னு. ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா அளவு தப்பிரும்."

"கழுத்து எதுக்குய்யா ஒமக்கு?"

"தலை கழுத்து மேலதான ஆச்சி நிக்கி? கழுத்து தெரியலன்னா தலை அந்தரத்துல நிக்கும்."

"துண்டோட வரைஞ்சா ஒங்க சங்கம் இடிஞ்சு விழுந்துருமோ?"

அவர் சிரித்தார். தங்கள் சங்கத்தில் போட்டோவைப் பார்த்து வரையமாட்டார்களாம். ஆளை நேரில் உட்காரவைத்துத்தான் வரைவார்களாம். வடக்கு ஜன்னல் பக்கம் ஒரே நாற்காலி. அதன் காலடியில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறார்களாம், அது ஒரு விரல்கூட நகரக்கூடாது என்று. வருகிற நேரமும் மாறக்கூடாது. வெளிச்சம் மாறினால் முகம் மாறிவிடுமாம். "இல்லாதத சேக்கமாட்டோம், இருக்கத விடமாட்டோம் ஆச்சி. அதுக்குத்தான் சங்கமே வச்சிருக்கோம். பூப்போட்டு அழகா வரையுததுக்கு வேற ஆளு இருக்காவ."

"அப்பம் துண்ட எடுக்கச் சொன்னது நீருதான்?"

"கேட்டேன். மாட்டேன்னாக. சரின்னு விட்டுட்டேன் ஆச்சி. பொறவு ஒரு நாள் அவுகளே எடுத்து மடியில வச்சுக்கிட்டாக. 'நீ பாத்துக்கோ'ன்னாக."

பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

5

இதற்கு நடுவே என் பாஸ்போர்ட்டுக்குக் காலம் முடிந்து புதுசுக்கு எழுதிப்போட்டிருந்தோம். போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை காது தெரியவில்லையாம். முடியை ஒதுக்கி மறுபடி எடுத்தோம். அடுத்த தடவை என் பின்னால் சுவரில் நிழல் விழுந்திருக்கிறது, செல்லாது என்றார்கள். இங்கே மருந்துக்கடையில்தான் இந்தப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் பெண் என்னை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, பக்கத்தில் இன்னொரு விளக்கைப் போட்டுப் பார்த்தாள். எனக்குச் சங்கடமாகி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை ஷேடோ நாட் கோயிங், சாரி" என்றேன். அவள் சிரித்துவிட்டு என் தோளைத் தொட்டாள். என்னத்துக்குச் சிரித்தாள் என்று வீடு வருகிற வரை யோசித்தேன்.

ஆனால் அங்கே நின்றதில் ஒன்று தெரிந்துகொண்டேன். விளக்கை நகர்த்தினால் நிழலும் நகரும். விளக்கு நகராமல் நிழல் நகராது.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. அது கையில் இல்லாமல் நான் எங்கேயும் போக முடியாது.

6

ஆனி பிறந்து கோமுவின் படம் முடிந்தது. முருகையா போனில் அனுப்பிவைத்தார். நிலாதான் முதலில் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள். அவள் தமிழில் பேசினால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஆச்சி, சின்னாச்சிக்குக் கழுத்துல என்ன?"

கோமு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கண்டாங்கிச் சேலை. துண்டு மடியில் இருந்தது. விசிறி இல்லாமல், முழு முகமாக, ஆறு வருஷத்துக்குப் பிறகு என் தங்கையைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அப்புறம்தான் நிலா காட்டிய இடத்தைப் பார்த்தேன். இடப்பக்கம், தாடைக்குக் கீழே, கழுத்து புடைத்திருந்தது. நெல்லிக்காயைவிடப் பெரிது.

அப்பாவுக்குக் கோட்டு மாட்டின ஸ்டூடியோக்காரர்தான் நினைவுக்கு வந்தார். இவர்கள் அதற்கு நேர்மாறு, நல்ல கழுத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று வைதேன். கோமுவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, கழுத்துல என்ன?"

"எங்கன?"

"படத்துல."

"அதுவா? நிழலு யக்கா. ஜன்னலோரம் உக்காந்திருந்தேம்லா."

"போன கீழ எறக்கிக் கழுத்தக் காட்டு."

"பால் பொங்குது, வைக்கேன்."

அவள் பால் காய்ச்சுகிற நேரம் எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் சங்கரிடம் படத்தைக் காட்டினேன். "நிழல் மாதிரித்தான் தெரியுது. சித்தியே சொல்லிட்டாங்கள்லா, விடுங்கம்மா. பாஸ்போர்ட் வரட்டும், பாத்துக்கிடுவோம்" என்றான். சித்தி என்று சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவனுக்கு ஏதோ தெரியும் என்று எனக்குப் பட்டது. இன்னும் படுகிறது.

7

கோமுவின் கழுத்து எனக்குத் தெரியாததல்ல. சீசன் நேரத்தில் பெரிய அருவியில் பெண்கள் பக்கம் ஒருத்தியை ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொண்டுதான் நிற்போம். தண்ணீர் அடிக்கிற அடியில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் நிமிர்ந்து கழுத்தைக் கொடுப்பாள். "தொண்டைக்குள்ள போயிரும்ட்டி" என்று நான் கத்தினால் வாயைத் திறந்து காட்டுவாள். அவள் இடது தாடை ஓரத்தில், எலும்பை ஒட்டியே, ஒரு மச்சம் உண்டு. அதைப் பிடித்துக் கிள்ளித்தான் அவளை அருவியைவிட்டு வெளியே இழுப்பேன்.

நிலா அந்தச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் பழைய படங்களையும் தேடி எடுத்தாள். பெரிய படம் வரைவதற்கு முன்னால் கரியால் பழகிப் பார்ப்பார்களாம். தை மாதம் ஒன்று, சித்திரையில் ஒன்று, இரண்டிலும் கோமு இருந்தாள். தை மாதத்துப் படத்தில் துண்டு இல்லை. கழுத்து நேராக இருந்தது, மச்சம் தாடை எலும்பின் மேல் இருந்தது. சித்திரையில் லேசாக ஒரு மேடு. மச்சம் எலும்பைவிட்டு இறங்கியிருந்தது. ஆனியில் மேடு பெரிதாகி, மச்சம் அதன் உச்சியில் பொட்டு வைத்தாற்போல நின்றது.

மூன்றையும் நிலா வரிசையாக வைத்துக் காட்டினாள். அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே நேரம். வெளிச்சம் நகரவில்லை. பிறகு எப்படி நிழல் வளரும்? நிழல் எப்படி மச்சத்தைப் பிடித்து இழுக்கும்?

மறுபடி முருகையாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை.

"நெழல்தான்னு ஒரு வார்த்த சொல்லுமய்யா. நான் போன வச்சிருதேன்."

"நெழலுன்னா அதுக்கு வேற கலர் போட்டிருப்பேன் ஆச்சி" என்றார்.

"மச்சத்த எடம் தவறி வச்சிட்டீரோ?"

"வச்சிருக்கமாட்டேன்." அவரே மேலும் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போனியளான்னு நானே கேட்டேன் ஆச்சி. போயிட்டேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாகன்னு சொன்னாக."

"எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டீரா?"

"கேக்கல."

நான் கேட்டேன். கோமு என்னிடம், "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன, ஒண்ணும் இல்லன்னுட்டாவள்லா" என்றாள். நிழலுக்கு எதற்கு ஆஸ்பத்திரி போனாய் என்றேன். மச்சம் இறங்கியிருக்கிறதே என்றேன். "அந்தப் பய கோட்டித்தனமா வச்சிருக்கான். படம்தான யக்கா, போட்டோவா?" என்றாள். அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் நெற்றிகூட வருவதில்லை. விசிறி மட்டும்தான்.

ஈஸ்வரியை எட்டிப் பார்க்கச் சொன்னேன். படக்காரர்கள் விஷயத்தை எனக்குச் சொன்னதிலிருந்து கோமு அவளோடு பேசுவதில்லையாம். "வாசலோட நிப்பாட்டிருதா மயினி. தூங்கும்போதும் துண்டு சுத்தியிருப்பா போல" என்றாள். கோமு ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் பார்த்ததில்லை. அந்த லாட்ஜ் மாடிக்குத்தான் போய் வந்தாளாம்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்குக் காட்டாததை அவள் ஏன் துண்டை எடுத்து ஒரு படக்காரருக்குக் காட்டினாள்? அவர் கேட்டுவிட்டு விட்டுவிட்டாராம். நான் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அழுவேன், ஊரைக் கூட்டுவேன், பாஸ்போர்ட் இல்லாமலே கிளம்புகிறேன் என்பேன். அந்த மனுஷர் பார்த்தார், அளவெடுத்தார், வரைந்தார். ஒருவேளை அவளுக்கு அது போதுமாக இருந்ததோ என்னவோ. எனக்குப் போதாது.

8

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊருக்கு முன்னால் தங்கையின் உடம்பைப் பற்றி எழுதுகிறவள் என்று சொல்வார்கள். இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கும் வருகிறது. வாசித்துவிட்டு என் முகத்தில் விழிக்கமாட்டாள். விழிக்காவிட்டால் போகட்டும், இப்போது மட்டும் என்ன முகமா தெரிகிறது?

இந்தச் சாரல் சமயத்தில் அந்தச் சங்கத்தார் தென்காசியில் கண்காட்சி போட்டிருக்கிறார்கள். தென்காசி, இலஞ்சி, அச்சன்புதூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது தயவுசெய்து போங்கள். பச்சைச் சேலை கட்டி ஜன்னலைப் பார்க்கிற பெண்பிள்ளைதான் கோமு. படத்தின் கிட்டே போய் மச்சம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு இலஞ்சிக்குப் போய், கோவிலுக்குப் பின்னால் கோமதி வீடு எது என்று கேட்டால் சொல்வார்கள். தண்ணீர் கேளுங்கள். தண்ணீர் கேட்டு வந்தவர்களை அவள் வாசலோடு அனுப்பமாட்டாள். பெண்களாகப் போனால் நல்லது. கிட்டே நின்று பாருங்கள்.

நான் எழுதினதில் மாதம் தவறியிருக்கலாம். இடது, வலது மாறியிருக்கலாம். எனக்கு மறதி. எல்லாவற்றையும் சரிபார்த்துப் பத்திரிகைக்கு எழுதுங்கள், அவர்கள் எனக்கு அனுப்புவார்கள். படக்காரர் பிசகு என்றால் அவரை வைததற்குமேல் இன்னும் நன்றாக வைகிறேன், சந்தோஷமாக வைகிறேன். அவர் பிசகவில்லை என்றால், கையோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்பாள். மச்சத்தைப் பிடித்துக் கிள்ளுங்கள், வருவாள்.

அவளிடம் மட்டும் கேட்காதீர்கள். நிழல் என்பாள்.